வண்டியும் வருவாயும்: குளிர்காற்றுக் குழாய் பொருத்தலாமா?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, தாராவி 90 அடிச் சாலையில் வசிக்கும் அன்பர் ஒருவர் தம் மனைவியாருடன் நம்மைக் காண வந்திருந்தார். தந்தையார் காலத்தில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து இந்நகரில் வேரூன்றிய குடும்பம். ஏழெட்டு ஆண்டு ஓடிய பிக்கப் வண்டி ஒன்றைக் கடன் பெற்று வாங்கி, தாராவிப் பட்டறைகளில் தைக்கும் தோற்பைகளையும், பழைய பிளாஸ்டிக்கை அரைத்து எடுக்கும் மணிகளையும் ஏற்றிக்கொண்டு வாரம் மூன்று முறை புனே சென்று வருகிறார். அந்த ஒரு வண்டியின் வருவாயில் ஆறு பேர் உண்ணுகிறார்கள்.

"அண்ணாச்சி, கண்டாலா மலை ஏறும்போது வண்டி திணறுகிறது. பின்னால் கரும்புகை கக்குகிறது. எஞ்சினுக்குக் காற்றுப் போதவில்லை என்கிறார் ஒரு பட்டறைக்காரர். குளிர்காற்றுக் குழாய் என்று ஒன்று வந்திருக்கிறதாம். அதைப் போட்டால் இழுவை கூடுமாம், டீசலும் மிச்சமாகுமாம். பதினெட்டாயிரம் ரூபாய் கேட்கிறார். போட்டுவிடலாமா?" என்று வினவினார் அன்பர்.

பணம் கைவசம் உண்டா என்று கேட்டோம். உண்டு என்றார். ஆனால் அது மழைக்காலத்துக்கு முன் வண்டிக்கு இன்ஷூரன்ஸ் புதுப்பிப்பதற்கென்று எடுத்து வைத்த பணம் என்று அவர் மனைவியார் தாழ்ந்த குரலில் கூறினார். கேள்வியின் கனம் அப்பொழுதுதான் நமக்கு விளங்கிற்று.

இக்கேள்வி அவர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. தாராவி, மாதுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளில் நம்மவர் பலர் சிறு சரக்கு வண்டிகளைக் கொண்டு பிழைப்பு நடத்துகின்றனர். வாஷிச் சந்தைக் காய்கறியும், மாதுங்காக் கடைகளுக்கு வரும் பூவும் வாழையிலையும் இவ்வண்டிகளிலேயே வருகின்றன. 2005ஆம் ஆண்டு டாட்டா ஏஸ் வெளிவந்தது. நம் ஊரில் அதற்குக் 'குட்டி யானை' என்றும், இங்கே 'சோட்டா ஹாத்தி' என்றும் பெயர் வழங்கலாயிற்று. மகிந்திராவின் பொலீரோ பிக்கப்பும், அசோக் லேலண்டின் தோஸ்த்தும் அதனுடன் நம் தெருக்களில் வரிசையாக நிற்கின்றன. இவற்றின் உரிமையாளர்களிடம் இத்தகைய உதிரிப் பொருள்களை விற்க வருபவர்கள் பெருகியுள்ளனர். ஆகவே இம்மாதம் இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில் இப்பொருள் யாது என்று பார்ப்போம். எஞ்சின் எரிவதற்குக் காற்று வேண்டும். 2.5 லிட்டர் கொள்ளளவுள்ள நான்கு வீச்சு எஞ்சின் நிமிஷத்திற்கு 3,000 சுற்றுச் சுற்றும்போது, இரண்டு சுற்றுக்கு ஒரு முறை தன் கொள்ளளவு முழுவதும் மூச்சிழுக்கிறது. அதாவது நிமிஷத்திற்கு ஏறத்தாழ 3,750 லிட்டர் காற்று. டர்போ என்னும் காற்றழுத்தி இருந்தால் இதனினும் மிகுதி. இந்தக் காற்று ஒரு பெட்டிக்குள் மடித்து வைத்த காகித வடிகட்டியின் வழியே சென்று தூசு நீங்கிய பின்னரே எஞ்சினுள் புகுகிறது. கடையில் விற்கும் 'குளிர்காற்றுக் குழாய்' என்பது, தொழிற்சாலையில் வைத்த பெட்டியையும் குழாயையும் கழற்றிவிட்டு, அவ்விடத்தில் அகலமான வழவழப்பான குழாயையும், எண்ணெய் தோய்த்த பருத்தித் துணியாலான கூம்பு வடிவ வடிகட்டியையும் பொருத்துவதாகும். குழாயின் வாய் எஞ்சினின் சூடு படாத இடத்தில் இருக்கும் என்பது விற்பவரின் வாதம்.

இவ்வாதத்தின் அடிப்படை பொய்யன்று. சூடான காற்று விரிந்து செறிவு குறையும். குளிர்ந்த காற்று சுருங்கிச் செறிவு கூடும். நம் நகரத்து வெப்பநிலையில் கணக்கிட்டால், 3 பாகை சூடு ஏறினால் காற்றின் செறிவு ஏறத்தாழ 1 விழுக்காடு குறைகிறது. வெளிக்காற்று 35 பாகையாகவும், எஞ்சின் அருகே காற்று 50 பாகையாகவும் இருந்தால் வேறுபாடு 5 விழுக்காடு. பந்தயக் கார்களில் இந்த 5 விழுக்காட்டிற்காக ஆயிரக்கணக்கில் செலவிடுவார்கள். அங்கிருந்துதான் இந்த வழக்கம் பிறந்தது.

நம் அன்பரின் பிக்கப்பில் அந்த 5 விழுக்காடு கைக்கு வந்து சேருமா என்பதே நாம் ஆராய வேண்டியது. அதற்கு மூன்று தடைகள் உள்ளன.

முதலாவது, இன்றைய வண்டிகள் பலவற்றில் தொழிற்சாலையார் வைத்த குழாயே வெளிக்காற்றைத்தான் இழுக்கிறது. வண்டியின் முன்புறத்தைத் திறந்து பார்த்தால், வடிகட்டிப் பெட்டியிலிருந்து ஒரு குழாய் விளக்கின் பின்புறமோ, முன் சல்லடையின் மேற்புறமோ, மட்கார்டின் உள்ளேயோ செல்வதைக் காணலாம். சில கடைச் சரக்குகளில் கூம்பு வடிகட்டி எவ்வித மறைப்புமின்றி எஞ்சினுக்குப் பக்கத்திலேயே நிற்கும். பெயர் குளிர்காற்று, இழுப்பது சூடான காற்று. சயான் சந்திப்பில் கால்மணி நேரம் நின்றால் இந்த உண்மை புலப்படும்.

இரண்டாவது, டர்போ உள்ள வண்டியில் கணக்கே வேறு. டர்போ காற்றை அழுத்தும்போது அது தானே சூடேறுகிறது. வெளிக்காற்றின் அழுத்தத்தை இரு மடங்காக்கினால், 35 பாகையில் உள்ளே சென்ற காற்று 120, 130 பாகைக்கு ஏறிவிடும். அதைக் குளிர்விக்கத்தான் இண்டர்கூலர் என்ற தட்டு, ரேடியேட்டர் போன்ற அமைப்புடன், வைக்கப்பட்டுள்ளது. அது சூட்டின் பெரும் பகுதியை வெளிக்காற்றிடம் கொடுத்துவிடும். ஆகவே குழாயின் வாயில் 15 பாகை மிச்சம் பிடித்தாலும், இண்டர்கூலரைத் தாண்டி எஞ்சினுள் நுழையும்போது அது 5 பாகை அளவுக்குச் சுருங்கிவிடும். 5 விழுக்காடு என்ற லாபம் ஒன்றரை விழுக்காடாகத் தேய்கிறது.

மூன்றாவதுதான் முக்கியமானது. டீசல் எஞ்சின் பெட்ரோல் எஞ்சினைப் போன்றதன்று. பெட்ரோல் எஞ்சினில் காற்று எவ்வளவோ அதற்கேற்ற பெட்ரோல் சேரும். காற்று மிகுந்தால் விசையும் மிகும். டீசலிலோ விசையைத் தீர்மானிப்பது, உள்ளே பீய்ச்சும் டீசலின் அளவு. ஒரு பங்கு டீசல் முற்றிலும் எரிய எடையில் ஏறத்தாழ பதினாலரைப் பங்கு காற்றுப் போதும். நல்ல நிலையிலுள்ள டீசல் எஞ்சின் எப்பொழுதும் இதனினும் மிகுதியான காற்றுடனேயே ஓடுகிறது. டீசலின் அளவை வண்டியிலுள்ள மின்னணு மூளை நிர்ணயிக்கிறது. அதை மாற்றாமல் காற்றை மட்டும் கூட்டுவது, நாலு பேருக்கு உலை வைத்த வீட்டில் எட்டு இலை போடுவது போன்றது. டர்போ இல்லாத சிறு டீசல் வண்டிகளுக்கும் இது பொருந்தும்.

"என் கூட்டாளி போட்டிருக்கிறார். வண்டி சீறிப் பாய்கிறது என்கிறாரே?" என்று அன்பர் இடைமறித்தார். அவர் கூட்டாளி பொய் சொல்லவில்லை. தொழிற்சாலைப் பெட்டி காற்றின் ஓசையை அடக்குவதற்கும் சேர்த்துச் செய்யப்பட்டது. அதைக் கழற்றினால் டர்போவின் சீற்றமும் காற்று இழுக்கும் ஓசையும் ஓட்டுநர் காதில் நேரே விழும். ஓசை மிகும்போது விசையும் மிகுந்ததாக மனம் எண்ணும். அதே சுமை, அதே சாலை, அதே ஓட்டுநர் என்று வைத்துக்கொண்டு, டீசல் தொட்டியை மூன்று முறை முழுதாக நிரப்பிக் கணக்கெழுதிப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

டீசல் மிச்சம் என்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவிலுள்ள ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடத்தார் 2009ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளியிட்டனர். எரிபொருளை மின்னணு முறையில் செலுத்தும் இக்கால வண்டிகளில், வடிகட்டி நன்றாக அடைத்துக்கொண்டபோதும் ஒரு லிட்டருக்கு ஓடும் தூரம் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை என்று கண்டனர். வேகமெடுக்கும் திறன்தான் பாதிக்கப்பட்டது. அடைத்த வடிகட்டியே எரிபொருளைப் பெரிதாக விழுங்கவில்லையெனில், சுத்தமான வடிகட்டி இருக்கும் இடத்தில் அதனினும் தளர்ச்சியான ஒன்றைப் போட்டு எவ்வளவு மிச்சம் பிடித்துவிட முடியும்?

மலை ஏற்றத்துக்கு வருவோம். லோனாவாலா கடல்மட்டத்திலிருந்து 600 மீட்டருக்கு மேல் உயரமுள்ளது. அவ்வுயரத்தில் காற்றின் செறிவு மும்பையைவிட 5, 6 விழுக்காடு குறைவு. மலையே எடுத்துக்கொள்ளும் பங்கு, குழாய் கொடுப்பதாகச் சொல்லும் பங்குக்கு மேலாக இருக்கிறது. இந்தக் குறையைப் பெரும்பாலும் ஈடு செய்வது டர்போதான். எனவே மலையில் வண்டி திணறினால் முதலில் ஐயுற வேண்டியது டர்போவிலிருந்து எஞ்சினுக்குச் செல்லும் பாதையை.

இதுவரை லாபத்தின் பக்கம் பார்த்தோம். இனி நஷ்டத்தின் பக்கம்.

நம் நகரில் தூசுக்குப் பஞ்சமில்லை. மெட்ரோ வேலை, கட்டிடம் இடிப்பு, சிமெண்டுக் கலவை என்று எங்கு திரும்பினாலும் புழுதி. மணற்சத்துள்ள இந்நுண்பொடி எஞ்சினுள் சென்றால் பிஸ்டன் வளையங்களையும் சிலிண்டர்ச் சுவரையும் டர்போவின் இறகுகளையும் அரம் போல் தேய்க்கும். நல்ல காகித வடிகட்டி தூசில் 99 விழுக்காட்டிற்கு மேல் தடுத்து நிறுத்துகிறது. காற்று எளிதாகப் புகும் துணி வடிகட்டிகளில் பலவற்றில் தூசும் சற்று எளிதாகவே புகும். அத்துடன் அவற்றைக் குறித்த காலத்தில் கழுவி எண்ணெய் இட வேண்டும். எண்ணெய் மிகுந்தால், காற்றின் அளவை அறியும் நுண்ணிய உணர்கருவியின் மேல் படிந்து, அது தவறான கணக்கை மின்னணு மூளைக்குச் சொல்லும். 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 விதிப்படி செய்த வண்டிகளில் புகையைச் சுத்திகரிக்கும் கருவிகள் பல உள்ளன. அங்கே இத்தகைய தவறு பெருஞ்செலவில் கொண்டுபோய் விடும்.

தூசினும் கொடியது தண்ணீர். 2005 ஜூலை 26ஆம் நாளை நம் குடும்பங்கள் மறந்திருக்க முடியாது. சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. அந்த நாளை விட்டுவிட்டாலும், கிங்ஸ் சர்க்கிள் காந்தி மார்க்கெட் அருகே ஆண்டுதோறும் முழங்காலளவு தண்ணீர் நிற்பதை நாம் காண்கிறோம். தொழிற்சாலையார் காற்றுக் குழாயின் வாயை உயரத்தில் வைத்திருப்பது காரணத்தோடுதான். குளிர்காற்று வேண்டுமென்று அதைப் பம்பரின் பின்னே தாழ்வாக இறக்கினால், எஞ்சின் காற்றுக்குப் பதில் தண்ணீரை இழுத்துவிடும். காற்று அழுந்தும். தண்ணீர் அழுந்தாது. மேலேறும் பிஸ்டன் கற்பாறையில் மோதினாற்போல் நின்று, அதைத் தாங்கும் தண்டு வளைந்துவிடும். நமக்குத் தெரிந்த ஒருவரின் வண்டி இவ்வாறே மாதுங்காவில் நின்றுபோயிற்று. எஞ்சினை முழுதும் பிரிக்க வேண்டியதாயிற்று. இரண்டு மாதம் வருவாயில்லை. மாதத் தவணை மட்டும் நிற்கவில்லை.

இவ்வாறு தண்ணீர் புகுந்த எஞ்சினின் சேதத்தைச் சாதாரண மோட்டார் இன்ஷூரன்ஸ் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை. எஞ்சின் பாதுகாப்பு என்ற தனிச் சேர்க்கைக்கு மேற்கொண்டு பணம் கட்ட வேண்டும். வண்டியில் செய்த மாறுதலை முன்கூட்டியே தெரிவிக்காவிட்டால் அதுவும் ஒரு தகராறுக்கு இடமாகும். சட்டத்தையும் நினைவில் கொள்ள வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியற்ற மாறுதல் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். வடிகட்டியை மாற்றுவதோடு நில்லாமல், மின்னணு மூளையைத் திருத்துவதும், புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகளை அடைப்பதும் சேர்த்தே சில பட்டறைகளில் பேசப்படுகின்றன. அதற்கு நம் அன்பர்கள் எக்காரணத்தாலும் இசையக் கூடாது. அமெரிக்காவிலேயே கலிபோர்னியா மாநிலத்தில், புகை கூடாது என்று சோதித்து அரசு விலக்களித்த காற்றுக் குழாய்களை மட்டுமே சாலையில் ஓடும் வண்டிகளுக்குப் பொருத்தலாம்.

எவருக்குமே இது பயன்படாதா? பயன்படும் இடங்களும் உண்டு. பந்தயத்துக்கென்று எஞ்சின் முழுவதையும் திருத்தி அமைத்தவர்களுக்கும், அதிக வேகத்தில் சுழலும் பெட்ரோல் எஞ்சின் உடையவர்களுக்கும் சிறிது பலன் தரும். பொழுதுபோக்காக, ஓசையின் இன்பத்துக்காக, தம் சேமிப்பில் வாங்குவோரை நாம் குறை கூறவில்லை. சுமை இழுத்துப் பிழைக்கும் டீசல் பிக்கப்பிற்கு இது தேவையற்ற செலவு என்பதே நம் துணிபு.

இவ்வளவும் கூறக் கேட்ட அன்பரின் மனைவியார், கைப்பையிலிருந்து ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தை எடுத்து நீட்டினார். டீசல் போட்ட நாள், லிட்டர், ஓடிய தூரம் எல்லாம் அவர் கையெழுத்தில் வரிசையாக இருந்தன. பொங்கல் வரை லிட்டருக்கு 13 கிலோமீட்டர் ஓடிய வண்டி, மாசி மாதத்திலிருந்து பத்தரைக்கு இறங்கியிருந்தது. அதைக் கண்டதும் நமக்கு வழி தெரிந்தது.

"தம்பி, தொழிற்சாலைக் குழாய் பொங்கலுக்கு முன்னும் இதே குழாய்தான். அப்பொழுது மலை ஏறிய வண்டி இப்பொழுது திணறுவானேன்? இடையில் ஏதோ பழுதாகியிருக்கிறது. அதைத் தேடாமல் புதுக் குழாய் வாங்கினால் பழுது அப்படியே இருக்கும்" என்றோம். ஒரு தாளில் பார்க்க வேண்டியவற்றை எழுதிக் கொடுத்தோம். மற்ற அன்பர்களுக்கும் பயன்படும் என்பதால் அவற்றை இங்கே தருகிறோம்.

காகித வடிகட்டியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். அடைத்திருந்தால் புதிது போடுக. சில நூறு ரூபாயில் முடியும். தரையில் தட்டுவதும், அழுத்தக் காற்றை வேகமாகப் பாய்ச்சுவதும் காகிதத்தைக் கிழிக்கும். டர்போவிலிருந்து இண்டர்கூலருக்கும், அங்கிருந்து எஞ்சினுக்கும் செல்லும் ரப்பர்க் குழாய்களைக் கையால் தடவிப் பார்க்க வேண்டும். வெடிப்போ, தளர்ந்த கிளாம்ப்போ, புதிய எண்ணெய்க் கசிவோ இருந்தால், அழுத்திய காற்று அங்கே வெளியேறுகிறது என்று பொருள். காற்றுக் குறைந்து, டீசல் முற்றும் எரியாமல் கரும்புகை வருவதற்கு இது பெருங்காரணம். இண்டர்கூலரின் மேல் சேறு படிந்திருந்தால் மெல்லத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். டீசல் வடிகட்டி, டயர்க் காற்று, பிரேக் உரசல், கிளட்ச் வழுக்கல் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். கடைசியாக, ஏற்றும் சுமை பதிவுச் சான்றில் குறித்த எடைக்குள் இருக்கிறதா என்று நேர்மையாக எண்ணிப் பார்க்க வேண்டும்.

பத்து நாள் கழித்து அன்பர் மீண்டும் வந்தார். குர்லா சி.எஸ்.டி. சாலைப் பக்கம் ஒரு மெக்கானிக்கிடம் அந்தத் தாளைக் காட்டியிருக்கிறார். இண்டர்கூலருக்குச் செல்லும் ரப்பர்க் குழாயின் அடிப்பக்கத்தில் விரல் நீளத்திற்கு வெடிப்பு. மேலிருந்து பார்த்தால் தெரியாது. குழாய், கிளாம்ப், புது வடிகட்டி, கூலி எல்லாம் சேர்த்து மூவாயிரத்துச் சொச்சம் ஆயிற்றாம். காற்றுப் போதவில்லை என்று பட்டறைக்காரர் சொன்னது சரியே. காற்று எங்கே போயிற்று என்பதை மட்டும் அவர் தேடவில்லை.

"மலை ஏறிற்றா?" என்று கேட்டோம். "ஏறிற்று, அண்ணாச்சி. பழையபடி மூன்றாம் கியரிலேயே ஏறுகிறது. புகையும் அடங்கிவிட்டது. இன்ஷூரன்ஸும் கட்டியாயிற்று. எஞ்சினுக்குத் தனிச் சேர்க்கை உண்டா என்று என் மனைவி கேட்கச் சொன்னாள். உண்டு என்றார்கள், சேர்த்துவிட்டோம்" என்றார்.

அந்த நோட்டுப் புத்தகம் போல ஒன்று வண்டியுள்ள ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டும் என்பது நம் விருப்பம். பழுதை முதலில் காட்டிக்கொடுத்தது அதுதான். மழை தொடங்குவதற்கு முன் அன்பர்கள் ஒரு நாள் ஒதுக்கித் தங்கள் வண்டியின் ரப்பர்க் குழாய்களைப் பார்த்துவிடுவார்களாக. அடுத்த மாதம், தேய்ந்த டயருக்கு மறுதோல் இடுவதில் லாபம் உண்டா என்பதைப் பற்றி எழுதுவோம். அதில் அனுபவமுள்ள அன்பர்கள் சங்க முகவரிக்கு எழுதி உதவக் கோருகிறோம்.